படுத்தும் தூக்கம் வராத 12–15 வயதுப் பிள்ளைக்கு: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

முதல் வேலையாக, பிள்ளையைச் சீக்கிரம் படுக்க அனுப்புவதை நிறுத்துங்கள்.

"நேத்து ராத்திரி லேட்டா தூங்கினே, இன்னைக்கு 9 மணிக்கே போய்ப் படு" என்று சொல்லாத வீடு கிடையாது. சின்ன வயதில் அது பலித்திருக்கும். 12, 13 வயதுக்கு மேல் அதே சொல் பெரும்பாலும் தூக்கத்தைக் கெடுக்கிறது. பிள்ளை இரண்டு மணி நேரம் இருட்டில் புரண்டு கிடக்கும். நாளடைவில் தலையணையைப் பார்த்தாலே "இன்னைக்கும் தூக்கம் வராது" என்ற நினைப்பு வந்துவிடும். இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறாகப் போகிறது. காலையில் எழும் நேரத்தை முதலில் கட்டுகிறோம். படுக்கும் நேரத்தைச் சில நாளுக்குத் தாமதமாகவே வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னே இழுக்கிறோம். நான்கைந்து வாரம் பிடிக்கும் வேலை இது.

வளர்பருவத்தில் தூக்கம் ஏன் தள்ளிப்போகிறது

தூக்கம் வர இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று தூக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே போகும். சாயங்காலம் நான்கு பஜ்ஜி உள்ளே போனால் ராத்திரி சோறு இறங்காது அல்லவா, அதுபோலத்தான் மாலைத் தூக்கமும். இன்னொன்று உடல் கடிகாரம். இருட்டிய பிறகு மூளையில் மெலடோனின் (உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் ஹார்மோன்) சுரக்கத் தொடங்கும் நேரத்தை அதுதான் தீர்மானிக்கிறது.

பருவ வயது தொடங்கும்போது இந்தக் கடிகாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை பின்னே நகர்கிறது. தூக்கப் பசியும் சின்னப் பிள்ளைகளுக்கு ஏறுவதைவிட மெதுவாக ஏறத் தொடங்குகிறது. 9 வயதில் 9 மணிக்கே சுருண்ட பிள்ளை 13 வயதில் 10:30-க்கும் கொட்டக் கொட்ட விழித்திருக்கக் காரணம் இதுதான். அடம் என்று அதைத் திட்டுவதில் பொருளில்லை. ஆனால் தூக்கத்தின் தேவை மட்டும் பெரிதாகக் குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட பரிந்துரை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் கடிகாரம் மிக வலுவாக விழிப்பைப் பிடித்து வைத்திருக்கும். தினமும் 11:30-க்குத் தூங்கும் பிள்ளைக்கு இரவு 8:30 முதல் 10:30 வரை மூளை பளிச்சென்று இருக்கும் நேரம். அந்த நேரத்தில் விளக்கை அணைத்துப் படுக்க வைத்தால், எவ்வளவு களைத்த பிள்ளையாக இருந்தாலும் தூக்கம் வராது.

ஒரு வாரக் குறிப்பு

எதையும் மாற்றுவதற்கு முன், ஏழு நாள் எழுதுங்கள். ஒரு பழைய நோட்டு போதும். எழுதுவது பிள்ளையாக இருந்தால் நல்லது, ஏனென்றால் பிறகு நேரத்தை மாற்றச் சொல்லும்போது அது அம்மா அப்பா போட்ட சட்டமாகத் தெரியாது. ஒவ்வொரு காலையும் ஆறு விஷயம்: படுத்த நேரம், தூங்கியிருக்கக்கூடிய நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு, காலையில் கடைசியாக எழுந்த நேரம், முந்தின நாள் பகலில் தூங்கியது எவ்வளவு, மதியத்துக்குப் பிறகு குடித்த காபி அல்லது டீ. தூங்கிய நேரத்தைத் தோராயமாகப் போட்டால் போதும். ராத்திரியில் மணி பார்த்து எழுதச் சொன்னால் பிள்ளை மணியையே பார்த்துக்கொண்டு கிடக்கும். படுக்கும் இடத்திலிருந்து கடிகாரம் தெரியாதபடி திருப்பி வையுங்கள்.

அந்த ஏழு நாளில் இரண்டு விடுமுறை நாளாவது இருக்கட்டும். விஷயம் பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான் பிடிபடும். இஷ்டப்பட்ட நேரத்தில் தூங்கலாம் என்றால், நள்ளிரவு 1 மணிக்குப் படுத்துச் சட்டென்று தூங்கி, காலை 10 மணி வரை நிம்மதியாகத் தூங்குகிறதா? அப்படியானால் தூக்கம் நன்றாகவே இருக்கிறது, கடிகாரம்தான் தள்ளிப்போயிருக்கிறது. விடுமுறையிலும் எந்த நேரத்தில் படுத்தாலும் புரளுகிறது என்றால் படுக்கையோடு விழிப்பு பழகியிருக்கலாம், அல்லது மனதில் ஏதோ ஓடுகிறது. கால் குடைச்சல், அரிப்பு, மூக்கடைப்பு, இரவு இருமல் என்று உடம்பில் ஏதாவது இருந்தால் நேரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, அதற்கு வைத்தியம் பார்த்தாக வேண்டும். இவற்றில் இரண்டு சேர்ந்தும் வரலாம்.

படி 1: எழும் நேரத்தைக் கட்டுங்கள்

பள்ளி நாளோ ஞாயிற்றுக்கிழமையோ, எழும் நேரம் ஒன்றுதான். விடுமுறையில் அதிகமாகப் போனால் ஒரு மணி நேரம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை "பாவம், தூங்கட்டும்" என்று 10:30 வரை விட்டால், அன்று இரவு 9:30-க்குள் 11 மணி நேர விழிப்புதான் சேர்ந்திருக்கும். தூக்கப் பசி எப்படி வரும்? பல வீடுகளில் திங்கட்கிழமைக் காலை சண்டையாக விடிவதற்குக் காரணம் முந்தின நாள் காலைத் தூக்கம்.

எழுந்த அரை மணிக்குள் வெளி வெளிச்சம் படவேண்டும். மொட்டை மாடி, வாசல், பால்கனி எதுவானாலும் சரி, 20 முதல் 30 நிமிடம். பல் தேய்ப்பதும் பால் குடிப்பதும் அங்கேயே நடக்கட்டும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், திறந்த வெளியில் நின்றாலே போதும். டியூப் லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் இருக்கும். மேகம் மூடிய காலையில்கூட வெளியே அதைப்போலப் பல மடங்கு உண்டு. கண் வழியாகப் போகும் இந்த வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. நேரமே இல்லையென்றால் பள்ளிப் பேருந்துக்கு 10 நிமிடம் முன்பே தெருமுனைக்குப் போய் நிற்கட்டும், பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்காரட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. கோடை விடுமுறையில் விடியற்காலை 3 மணிக்குத் தூங்கி மதியம் எழும் பிள்ளையை, திடீரென்று 5:30-க்கு எழுப்பி வெளிச்சத்தில் நிறுத்தாதீர்கள். அதன் உடம்புக்கு அது இன்னும் நடுராத்திரி. அப்போது படும் வெளிச்சம் கடிகாரத்தை மேலும் பின்னே தள்ளிவிடும். தானாக எழும் நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளுக்கு ஒருமுறை 20 முதல் 30 நிமிடம் முன்னே கொண்டு வாருங்கள்.

"விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படித்தால் மனதில் நிற்கும்" என்பதையும் இங்கே பேசியாக வேண்டும். 8 மணிக்கே தூங்கிவிடும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். 11:30-க்குத் தூங்கும் பிள்ளையை 4:30-க்கு எழுப்பினால் கிடைப்பது 5 மணி நேரம். கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் பின்பாதியில்தான் வருகிறது. படித்தது பதிய உதவும் தூக்கத்தை வெட்டிவிட்டுப் படிக்க வைப்பதில் என்ன லாபம்? நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-லேயே சொல்லிவிட்டது. பள்ளி நேரம் நம் கையில் இல்லை. காலை 5:30 டியூஷனை மாலைக்கு மாற்றுவது பல வீடுகளில் நம் கையில்தான் இருக்கிறது.

படி 2: படுக்கும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

ஓர் உதாரணம். எட்டாம் வகுப்பு மாணவன். 9:30-க்குப் படுக்கிறான். ஏழு நாள் சராசரியில் தூங்குவது 11:15, எழுவது 6:15. தூக்கம் 7 மணி நேரம், படுக்கையில் கிடப்பது 8¾ மணி நேரம். மீதி 1¾ மணி நேரமும் "எனக்குத் தூக்கம் வராது" என்று பழகும் நேரம்.

இவனுக்கு முதல் படுக்கை நேரம் 11:15. ஆம், அவன் உண்மையில் தூங்கும் நேரமே. அதற்கு முன் படுக்கையில் ஏறக்கூடாது. இதனால் தூக்கம் குறையாது, இப்போதும் அந்த நேரத்தில்தானே தூங்குகிறான்.

தொடர்ந்து 3 இரவு 20 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால் படுக்கை நேரத்தை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள்: 11:00. மறுபடி 3 அல்லது 4 இரவு, பிறகு 10:45. ஒரு நேரத்துக்கு வந்ததும் இரண்டு இரவு அரை மணிக்கு மேல் புரண்டால், அங்கேயே இன்னும் சில நாள் நில்லுங்கள். பின்னே போக வேண்டாம், அவசரமாக முன்னேயும் போக வேண்டாம். இந்தப் பையனுக்கு இலக்கு 9:45, அதாவது எட்டரை மணி நேரம். மொத்தம் 90 நிமிடம், ஆறு நகர்வு, மூன்று முதல் நான்கு வாரம்.

இதில் பெரும்பாலும் சறுக்குவது நாலாவது நாளில்தான். பிள்ளை நன்றாகத் தூங்குவதைப் பார்த்ததும் ஆசையில் ஒரே தாவலாக 9:30-க்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாளே பழையபடி புரளல். 15 நிமிடம் என்றால் 15 நிமிடம்தான்.

படுக்கை நேரத்துக்கும் எழும் நேரத்துக்கும் இடையே 7 மணி நேரத்துக்குக் குறைவாக ஒருபோதும் வைக்காதீர்கள். குறிப்பில் தூக்கம் அதைவிடக் குறைவாக வந்தாலோ, பிள்ளைக்கு வலிப்பு நோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம், மனநிலை தீவிரமாக ஏறி இறங்கும் நோய் ஏதாவது இருந்தாலோ, இந்தப் படியைத் தொடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

11:15 வரை என்ன செய்வது என்ற கேள்வி வரும். மங்கலான விளக்கில், முடித்தே ஆக வேண்டும் என்ற அவசரமில்லாத வேலைகள்: கதைப் புத்தகம், படம் வரைதல், கோலப் புள்ளி பழகுதல், துணி மடித்தல், நாளைக்குப் பை அடுக்குதல். பிள்ளையின் ஃபோன் உங்கள் பொறுப்பில் இருந்தால் நீங்கள் காவல் காக்க வேண்டாம், நீங்கள் போய்ப் படுக்கலாம்.

படி 3: படுக்கையில் தூக்கம் மட்டும்

ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் சொன்ன முறை இது. இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையின் முதுகெலும்பு. கட்டிலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவது, சாப்பிடுவது, ரீல்ஸ் பார்ப்பது, திட்டு வாங்குவது எல்லாம் நடந்தால் மூளைக்கு அது விழித்திருக்கும் இடமாகிவிடும். தனி மேசை இல்லாவிட்டால் தரையில் ஒரு பாய், ஒரு சாய்வுப் பலகை போதும்.

படுத்துத் தூக்கம் வராமல் எரிச்சல் தலைதூக்கும்போது (மணி பார்க்காமல், ஏறத்தாழ 20 நிமிடம்) பிள்ளை எழுந்துவிட வேண்டும். இன்னொரு இடத்தில், சிறிய விளக்கில், ஏற்கெனவே படித்து முடித்த ஒரு புத்தகத்தைப் புரட்டட்டும். கண் சொருகியதும் திரும்பி வந்து படுக்கட்டும். மறுபடி வராவிட்டால் மறுபடி எழ வேண்டும். முதல் சில இரவு மூன்று நான்கு முறைகூட எழ நேரும். அந்தச் சில நாள் காலையில் பிள்ளை வாடித்தான் இருக்கும். அதற்காக எழும் நேரத்தைத் தளர்த்தாதீர்கள், அடுத்த இரவுக்கான தூக்கப் பசி அந்த வாட்டத்தில்தான் சேர்கிறது.

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எழுந்து எங்கே போவது? பாயில் படுக்கும் வீட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாயை விரிப்பதே தூங்கும்போதுதான், விடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம். மூளைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இரவில் எழுந்தால் பாயை விட்டு நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலே போதும். பாட்டி விழித்துக்கொண்டு "இன்னும் தூங்கலையா கண்ணு?" என்று கேட்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அந்த நேரத்தில் கேள்வியும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். ஹாலில் 11 மணி வரை டிவி ஓடினால், அங்கே படுக்கும் பிள்ளைக்கு எந்த முறையும் எடுபடாது.

படி 4: மாலை 4 மணியிலிருந்தே தொடங்குகிறது

பள்ளி விட்டு வந்ததும் களைப்பில் ஒரு மணி நேரம் தூங்குவதுதான் பெரிய சிக்கல். 4 மணிக்கு முன் 20 நிமிடம் என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம். கண் சொக்கினால் முகம் கழுவி வெளியே விளையாட அனுப்புங்கள். மாலை ஆறு வரை ஓடியாடும் விளையாட்டு நல்லது. தீவிரப் பயிற்சி படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது முடியட்டும்.

காபி, டீ பற்றிக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். ஒரு டம்ளர் டீயில் ஏறத்தாழ 30 முதல் 50 மி.கி. கஃபீன். ஃபில்டர் காபியில் டிகாக்‌ஷனின் அடர்த்தியைப் பொறுத்து 60 முதல் 100 மி.கி. 330 மி.லி. கோலாவில் 30-க்குச் சற்று மேல். கடையில் விற்கும் 250 மி.லி. எனர்ஜி டிரிங்கில் 75 முதல் 80. உடம்பில் போன கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். டியூஷனுக்குப் போகுமுன் 5:30-க்குக் குடித்த காபியில் பாதி 10:30-க்கும் ரத்தத்தில் இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மி.கி. வரை. 40 கிலோ பிள்ளைக்கு 120 மி.கி. தூக்கம் வராத பிள்ளைக்கு அதிலும் குறையுங்கள்: மதியம் 12-க்குப் பிறகு காபி, டீ, கோலா எதுவும் வேண்டாம். தினமும் மூன்று முறை குடித்த பிள்ளைக்கு ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். எனர்ஜி டிரிங்க் இந்த வயதுக்கு எந்த நேரத்திலும் வேண்டாம்.

இரவுச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன். டியூஷன் 9 மணிக்கு விட்டால் அது முடியாது. அப்போது 6 மணிக்கே டிபனைக் கொஞ்சம் கனமாகக் கொடுத்து, வந்ததும் இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர்சாதமோ போதும். பசியோடும் படுக்க வேண்டாம்.

படி 5: கடைசி ஒரு மணி நேரம்

பருவ வயதின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் கடிகாரத்தை மாலை வெளிச்சம் அதிகமாகவே பாதிக்கிறது. படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன் டியூப் லைட்டை அணைத்து, மஞ்சள் வெளிச்சம் தரும் சிறிய பல்பு ஒன்றைப் போடுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடக் குளியல், படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பாக, உதவும். சுடுநீர் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, அதன் வழியே உள்சூடு வெளியேறி உடம்பு குளிர்கிறது, அந்தக் குளிர்ச்சி தூக்கத்தை அழைக்கிறது. அதனால் குளித்த கையோடு படுத்தால் பலன் குறைவு.

இனி ஃபோன். நீல வெளிச்சத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். திரையை மஞ்சளாக்கிவிட்டு 11:30 வரை ரீல்ஸ் பார்த்தால் எதுவும் மாறாது. அதற்கு முடிவு என்று ஒன்று இல்லாததுதான் பெரிய தொல்லை. அரட்டைக் குழுவில் பதில் போடாவிட்டால் நாளைக்குப் பேச்சு வரும் என்ற பயமும் இருக்கிறது. பிடுங்குவது தண்டனையாகத் தெரியும், ராத்திரி சண்டையாகும், சண்டை முடிந்து எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வராது. மாறாக இப்படிச் செய்யுங்கள்:

- சார்ஜர் எல்லாம் சமையலறையில். படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன் பிள்ளையின் ஃபோன் அங்கே போகும். அப்பா அம்மா ஃபோனும்தான். உங்கள் ஃபோன் கையில் இருக்கும்வரை இந்த விதி செல்லாது.
- "அலாரத்துக்கு வேணும்" என்பார்கள். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.
- பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் 9 மணிக்கு ஹோம்வொர்க் வரும். அதை நீங்கள் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.
- குழுவாக ஆடும் கேமில் பாதியில் எழுந்தால் நண்பர்கள் தோற்பார்கள், அதனால்தான் "இன்னும் அஞ்சு நிமிஷம்" நீள்கிறது. நிறுத்தும் நேரத்தைப் பேசுவதைவிட, கடைசி ஆட்டம் எத்தனை மணிக்குள் தொடங்க வேண்டும் என்று பேசி வையுங்கள்.

மனம் ஓடிக்கொண்டே இருந்தால்

பகல் முழுக்க டியூஷன், வகுப்பு, ஃபோன் என்று ஓடும் பிள்ளைக்குத் தன் நினைப்போடு தனியாக இருக்கும் முதல் நேரமே படுக்கைதான். கவலையெல்லாம் அப்போது வரிசையில் வந்து நிற்பதில் வியப்பில்லை. அந்தக் கவலைக்கு மாலையிலேயே ஓர் இடம் கொடுங்கள்: 6:30 வாக்கில் 15 நிமிடம், ஒரு தாள், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் மனதை அரிப்பது, வலப்பக்கம் அதற்கு நாளைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு சின்ன வேலை. "கணக்கு டெஸ்ட்" என்றால் "3-ஆம் கணக்கை மிஸ்ஸிடம் கேட்பது". செய்ய எதுவும் இல்லாததற்கு ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுவிடலாம். ராத்திரி அதே நினைப்பு வந்தால் "அது தாளில் இருக்கு" என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்கும்.

உடம்பைத் தளர்த்தும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். பாதத்தில் தொடங்குங்கள். விரல்களை 5 விநாடி இறுக்கி மடக்கி, சட்டென்று விட்டு, 10 முதல் 15 விநாடி அந்தத் தளர்வை உணர வேண்டும். பிறகு ஆடுசதை, தொடை, வயிறு, கைமுஷ்டி, தோள் (காதுவரை தூக்கி விடுதல்), கடைசியாக முகம் (கண்ணை இறுக்கி மூடி விடுதல்). மொத்தம் 8 முதல் 10 நிமிடம். கால் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கக் கூடாது. முதல் வாரம் இதைப் பகலில் பழக்குங்கள். பழகாத பயிற்சியைத் தூக்கம் வராத இரவில் முதன்முறையாகச் செய்தால் "இதுவும் வேலை செய்யல" என்ற எரிச்சல்தான் மிஞ்சும். மூச்சுப் பயிற்சி இதைவிட எளிது: 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுவது, 5 நிமிடம்.

தூங்கியே ஆக வேண்டும் என்று போராடும் பிள்ளையிடம் எதிர்மாறாகச் சொல்லிப் பாருங்கள்: "தூங்க முயற்சி பண்ணாதே. இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா படுத்திரு." முயற்சி விலகினால் தூக்கம் தானே வர இடம் கிடைக்கும்.

பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, ஃபோனில் யாராவது மிரட்டுகிறார்களா என்பதை ராத்திரியில் விசாரிக்காதீர்கள். வண்டியில் போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் கேளுங்கள். இந்த வயதில் அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

அறை

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை, வைகாசியில் மேல்மாடி அறையின் கூரை பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க இறக்கும். அந்த இரண்டு மாதம் கீழ்த் தளத்துக்கோ ஹாலுக்கோ மாற்றிப் படுக்க வையுங்கள். கொசுவுக்குச் சுருளைவிட வலை நல்லது, குறிப்பாக இளைப்பு உள்ள பிள்ளைக்கு. தெருவிளக்கு முகத்தில் விழுந்தால் ஒரு பழைய போர்வையை ஜன்னலில் கட்டினாலும் போதும்.

கால் குடைச்சலும் இரும்புச்சத்தும்

படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல், இழுப்பதுபோல் இருக்கிறது, அசைத்தால் நன்றாக இருக்கிறது, அசையாமல் இருந்தால் மறுபடி வருகிறது என்று பிள்ளை சொன்னால் "வளர்ற வயசு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அமைதியற்ற கால் நோய்க்குறி என்று இதற்குப் பெயர். பிள்ளைகளிடம் இதற்குப் பின்னால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளிடம் கூடுதலாகப் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடம்பில் இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள். ஆய்வகத் தாளில் 20 என்று வந்து, பக்கத்தில் "இயல்பு" என்று அச்சாகியிருக்கலாம். ஆனால் இந்தக் கால் தொல்லை உள்ள பிள்ளைக்கு ஃபெரிட்டின் ஒரு மி.லி.-க்கு 50 நானோகிராமுக்குக் கீழ் இருந்தாலே இரும்புச்சத்து கொடுப்பது பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். எனவே தாளோடு கால் குடைச்சலையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரை குறைவு வராமல் காப்பதற்கு. வந்துவிட்ட குறைவைச் சரிசெய்ய அந்த அளவு போதாது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும்.

மருந்து கொடுக்கலாமா?

சளி மருந்து, அலர்ஜி மாத்திரை, இருமல் சிரப் என்று தூக்கம் வரவைக்கும் எதையும் தூக்கத்துக்காகக் கொடுக்காதீர்கள். சில நாளில் அந்த மயக்கம் குறைந்துவிடும், மறுநாள் மந்தம் மட்டும் நிற்கும். சில பிள்ளைகளை அது நேர்மாறாகப் படபடப்பாக்கும். பெரியவர்களின் தூக்க மாத்திரையில் கால் துண்டு என்பது நினைத்தும் பார்க்கக் கூடாத ஆபத்து.

மெலடோனின் கடையில் மெல்லும் மிட்டாயாகவும் (இதை 'கம்மி' என்பார்கள்) மாத்திரையாகவும் கிடைக்கிறது. கடிகாரம் தள்ளிப்போன பிள்ளைக்கு அது உதவக்கூடும். ஆனால் அப்போது அதைத் தூக்க மாத்திரைபோல் படுக்கும்போது கொடுப்பதில்லை, சில மணி நேரம் முன்பே, குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். நேரம் தவறினால் பலன் போய்விடும். அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மிகளைச் சோதித்து 2023-ல் வெளியான ஆய்வில் 22-ல் இருந்த அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும், அவர் சொன்ன நேரத்தில் மட்டும்.

எப்போது மருத்துவரிடம்

வாரத்தில் மூன்று இரவாவது அரை மணிக்கு மேல் புரண்டு, மூன்று மாதம் தாண்டினால் கட்டாயம் போக வேண்டும். மேலே சொன்னதை நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையாவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். தினமும் சத்தமாகக் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுதல், வாயைத் திறந்தே தூங்குதல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் டான்சிலையும் அடினாய்டையும் பார்க்க வேண்டும். இரவு இருமலுக்கும் அரிப்புக்கும் முதலில் அவற்றுக்கான மருந்து. பிள்ளை ஏற்கெனவே கவனக்குறைவுக்கோ இளைப்புக்கோ மருந்து எடுத்தால், அதை எத்தனை மணிக்கு எடுக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சில மருந்துகள் மாலையில் எடுத்தால் விழிப்பைக் கூட்டும். போகும்போது தூக்கக் குறிப்பு நோட்டை மறக்காதீர்கள், "சரியா தூங்க மாட்டேங்கறான்" என்பதைவிட அந்த இரண்டு பக்கம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

விடியற்காலை 3, 4 மணிக்கே விழிப்பு, பிடித்த விளையாட்டிலும் நண்பர்களிடத்திலும் ஆர்வம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இல்லாட்டி நல்லது" என்பது போன்ற பேச்சு என்றிருந்தால் தூக்க முறைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றே பேசுங்கள், அன்றே உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் அழைக்கலாம். பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

சரியான பிறகு மறுபடி கெட்டால்

தேர்வு வாரம், காய்ச்சல், ஊர்த் திருவிழா, கல்யாண வீடு என்று இரண்டு மூன்று இரவு குலைவது இயல்பு. அடுத்த நாளே எழும் நேரத்துக்குத் திரும்புங்கள், படுக்கையை முன்னே இழுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பெரிதாகக் கெடுவது கோடை விடுமுறையில்தான். ஜூனில் பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். பிள்ளை 9 மணிக்கு எழுகிறது, பள்ளி நாளில் 6:15-க்கு எழ வேண்டும் என்றால் இடைவெளி 165 நிமிடம். இரண்டு நாளைக்கு ஒருமுறை 30 நிமிடம் முன்னே எழுப்பினால் 12 நாளில் முடியும். எழுப்பிய ஒவ்வொரு நாளும் நேராக மாடிக்கு, வெளிச்சத்துக்கு. படுக்கும் நேரத்தைப் பற்றி அந்த நாட்களில் வாயே திறக்க வேண்டாம், மூன்றாம் நான்காம் நாளிலிருந்து பிள்ளை தானாகவே முன்னே கொட்டாவி விடத் தொடங்கும்.